கேமரா பாடியை மாற்றுவதா, டெலி லென்ஸ் வாங்குவதா?

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் அடுத்து நுழைவது பெரும்பாலும் டிஜிட்டல் கேமராதான். முதலில் குழந்தைகளையும் வீட்டு விசேஷங்களையும் எடுப்போம். கொஞ்சம் கை பழகியதும் பறவை, திருவிழா, கடல் என்று தூரத்தில் உள்ளவற்றின் மேல் ஆசை போகும். அப்போதுதான் "இந்தக் கேமரா போதாது" என்று தோன்றும். கடைக்குப் போனால், மெகாபிக்ஸெல் அதிகமுள்ள புதிய பாடியைத்தான் முதலில் காட்டுவார்கள். அதை வாங்கினால் உங்கள் குறை தீருமா, தீராதா? கடைக்குப் போவதற்கு முன்பே, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதைக் கண்டுபிடித்து விடலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

ஊசுடு ஏரியில் வந்த சந்தேகம்

புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊசுடு ஏரிக்குப் போய்விடுவார். நகரத்திலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி இதுதான். ஏரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் நாமக்கோழி, கூழைக்கடா, நாரை, வாத்து என்று பல வகைப் பறவைகளை அங்கே பார்க்கலாம்.

அவரிடம் இருந்தது 12 மெகாபிக்ஸெல் டிஎஸ்எல்ஆர் கேமரா. கூடவே வந்த 18-55 லென்ஸ். ஓய்வூதிய நிலுவைத் தொகை கைக்கு வந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஏரியில நாமக்கோழி கூட்டம் கூட்டமா நிக்குது. என் ஃபோட்டோவில எல்லாம் கறுப்புப் புள்ளியாத்தான் தெரியுது. 24 மெகாபிக்ஸெல் பாடி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். கடைக்குக் கூட வர்றீங்களா?"

"வர்றேன் சார். அதுக்கு முன்னாடி உங்க பழைய ஃபோட்டோவை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு தடவை பார்த்துடலாம்" என்றேன்.

இந்த மாதிரிப் பணம் ஒரு முறைதான் வரும். தவறான பொருளில் போட்டுவிட்டால் மறுபடி சேர்ப்பதற்குள் இரண்டு மூன்று பறவைக் காலம் போய்விடும். அதனால்தான் அவசரப்படவில்லை.

பாடி என்றால் என்ன, லென்ஸ் என்றால் என்ன?

புதியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மொபைல் ஃபோனிலும் சிறிய காம்பாக்ட் கேமராவிலும் லென்ஸைக் கழற்ற முடியாது. டிஎஸ்எல்ஆர், மிர்ரர்லெஸ் என்ற இரு வகைக் கேமராக்களில் கழற்றி மாற்றலாம். லென்ஸ் இல்லாத மீதிப் பகுதிதான் பாடி. சென்ஸார், ஷட்டர், ஃபோகஸைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

லென்ஸ் ஒளியைக் கொண்டு வந்து சென்ஸாரின் மேல் ஒரு பிம்பத்தை விழ வைக்கிறது. பறவை அந்தப் பிம்பத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை முடிவு செய்வது லென்ஸ். விழுந்த பிம்பத்தை எத்தனை பிக்ஸெல்களாகப் பிரித்துப் பதிவு செய்வது, எவ்வளவு குறைந்த ஒளியில் சுத்தமாகப் பதிவு செய்வது என்பவை பாடியின் வேலை. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக் கொண்டால் மீதி எல்லாம் எளிது.

லென்ஸின் மேல் 18-55, 70-300 என்று எழுதியிருப்பது ஃபோக்கல் லெங்த். மில்லிமீட்டரில் சொல்வார்கள். எண் கூடக் கூட தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். நீண்ட ஃபோக்கல் லெங்த் உள்ளவற்றைத்தான் டெலிஃபோட்டோ லென்ஸ், சுருக்கமாக டெலி லென்ஸ் என்கிறோம்.

பழைய ஃபோட்டோக்களிடம் கேளுங்கள்

டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு ஃபோட்டோவை எடுக்கும்போதும் சில விவரங்களை அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. எந்த ஃபோக்கல் லெங்த், எவ்வளவு ஷட்டர் வேகம், எவ்வளவு ஐஎஸ்ஓ என்பவை அதில் இருக்கும். இதற்கு எக்ஸிஃப் தகவல் என்று பெயர். ஒரே ஒரு ஃபோட்டோவுக்குப் பார்க்க வேண்டுமானால் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், பிறகு டீடெய்ல்ஸ் என்ற டேப்பைத் திறந்தால் போதும்.

ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்க, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இப்படிச் செய்யுங்கள்:

1. பறவைப் படங்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். மெமரி கார்டில் இருந்து நேராக எடுத்த ஃபைல்களாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பிப் பெற்றவற்றில் இந்தத் தகவல்கள் இருக்காது.

2. ஃபோல்டரைத் திறந்து, வ்யூ மெனுவில் டீடெய்ல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல்கள் பட்டியலாகத் தெரியும்.

3. பட்டியலின் மேலே நேம், டேட் என்று தலைப்புகள் இருக்கும். அந்த வரியில் ரைட் கிளிக் செய்து, மெனுவின் கடைசியில் உள்ள மோர் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

4. இப்போது வரும் நீண்ட பட்டியலில் ஃபோக்கல் லெங்த், எக்ஸ்போஷர் டைம், ஐஎஸ்ஓ ஸ்பீட், எஃப்-ஸ்டாப் ஆகிய நான்கையும் டிக் செய்து ஓகே கொடுங்கள்.

5. ஃபோக்கல் லெங்த் என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் எல்லா ஃபோட்டோக்களும் அந்த வரிசையில் வந்து நிற்கும்.

எங்கள் ஆசிரியரின் ஃபோல்டரில் 412 பறவைப் படங்கள் இருந்தன. அதில் 380 படங்களில் ஃபோக்கல் லெங்த் 55. அதாவது, லென்ஸை அதன் கடைசி எல்லை வரை இழுத்துவிட்டு, இன்னும் போகாதா என்று நின்றிருக்கிறார். உங்கள் பட்டியலும் இப்படி ஒரே எண்ணில் முட்டிக் கொண்டு நின்றால், குறை எங்கே என்று பாதி தெரிந்துவிட்டது. மாறாக, பெரும்பாலான படங்கள் 18-க்கும் 35-க்கும் நடுவில் இருந்தால் உங்களுக்கு டெலி லென்ஸே தேவையில்லாமல் இருக்கலாம். டுமாஸ் வீதியின் மஞ்சள் சுவர்களையும் காகிதப் பூக்களையும் எடுப்பவருக்கு 300 மி.மீ. லென்ஸால் பெரிய பயன் இல்லை. அந்தக் குறுகிய தெருவில் பின்னால் நகர இடம் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது எட்டாம் வகுப்புக் கணக்குதான். பொருளின் அளவை ஃபோக்கல் லெங்த்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்ஸாரின் மேல் விழும் பிம்பத்தின் அளவு கிடைக்கும். மூன்றையும் மில்லிமீட்டரில் போட வேண்டும்.

நாமக்கோழியின் நீளம் சுமார் 40 செ.மீ., அதாவது 400 மி.மீ. கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி நீந்துகிறது என்று வைத்துக் கொள்வோம். 55 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 0.37 மி.மீ. தான். 300 மி.மீ. லென்ஸில் 2 மி.மீ. ஆகிவிடும்.

சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி சென்ஸாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. 12 மெகாபிக்ஸெல் கேமராவில் அந்த அகலத்தில் சுமார் 4300 பிக்ஸெல்கள் இருக்கும். 24 மெகாபிக்ஸெல் என்றால் 6000. இதை வைத்துப் பறவைக்கு எத்தனை பிக்ஸெல் கிடைக்கும் என்று பார்த்தால்:

பழைய 12 மெகாபிக்ஸெல் பாடி, 55 மி.மீ. லென்ஸ்: 67 பிக்ஸெல்
புதிய 24 மெகாபிக்ஸெல் பாடி, அதே 55 மி.மீ. லென்ஸ்: 94 பிக்ஸெல்
பழைய 12 மெகாபிக்ஸெல் பாடி, 300 மி.மீ. லென்ஸ்: 365 பிக்ஸெல்
புதிய 24 மெகாபிக்ஸெல் பாடி, 300 மி.மீ. லென்ஸ்: 510 பிக்ஸெல்

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். மெகாபிக்ஸெல் இரண்டு மடங்கு ஆனதும் பறவையும் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைப்போம். மெகாபிக்ஸெல் என்பது நீளமும் அகலமும் பெருக்கி வந்த பரப்பளவு. அதனால் அகலத்தில் கிடைப்பது 1.4 மடங்குதான். ஒரு ஃபுல் ஹெச்டி மானிட்டரின் அகலம் 1920 பிக்ஸெல். அதில் 94 பிக்ஸெல் பறவை என்பது இருபதில் ஒரு பங்கு. அப்போதும் அது புள்ளிதான். லென்ஸை மட்டும் மாற்றினால் ஐந்தரை மடங்கு பெரிதாகிறது. கண்ணும் அலகும் நெற்றியில் உள்ள வெள்ளை நாமமும் தெரியும்.

இன்னொரு விஷயம். "ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். ஃபுல் ஃப்ரேம் சென்ஸாரின் அகலம் 36 மி.மீ. 24 மெகாபிக்ஸெலை அந்தப் பெரிய பரப்பில் பரப்பினால், அதே 300 மி.மீ. லென்ஸில் நாமக்கோழிக்குக் கிடைப்பது 333 பிக்ஸெல்தான். ஏபிஎஸ்-சி பாடியில் கிடைக்கும் 510-ஐ விடக் குறைவு. குறைந்த ஒளியில் ஃபுல் ஃப்ரேமுக்குப் பலம் உண்டு. ஆனால் தூரத்துப் பறவைக்கு அது பணத்தைக் கூட்டி, பறவையைச் சிறிதாக்கும்.

அப்படியானால் புதிய பாடி வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. உங்கள் படங்களில் என்ன குறை என்பதைப் பொறுத்தது அது. ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். கெட்டுப் போன படங்களைக் கீழே உள்ளபடி பிரியுங்கள்.

பறவை சிறிதாக இருக்கிறது: லென்ஸின் குறை.

படம் முழுவதும், கரையும் செடியும் உட்பட, ஒரே பக்கமாக இழுபட்டது போல் இருக்கிறது: கை ஆட்டம். எக்ஸ்போஷர் டைமைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது இருக்கட்டும். கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி உள்ள லென்ஸ் என்றால் இதைக் கொஞ்சம் தளர்த்தலாம். கேனான் இதை ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும் குறிப்பிடுகின்றன. மோனோபாட் கூட உதவும்.

செடி தெளிவாக இருக்கிறது, பறவை மட்டும் இழுபட்டிருக்கிறது: பறவை அசைந்திருக்கிறது. ஐஎஸ், விஆர் எதுவும் இதற்கு உதவாது. ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு ஒளி வேண்டும்.

மணல் தூவியது போல் இருக்கிறது: ஐஎஸ்ஓ பத்தியைப் பாருங்கள். 1600, 3200 என்று இருந்தால் இது சென்ஸாரின் எல்லை. புதிய பாடி இங்கே உண்மையாகவே உதவும்.

பறக்கும் பறவையில் ஃபோகஸ் தவறிப் போகிறது: இதுவும் பெரும்பாலும் பாடியின் வேலை. பழைய ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸ் புள்ளிகள் குறைவு. 2020-க்குப் பிறகு வந்த பல மிர்ரர்லெஸ் பாடிகள் பறவையின் கண்ணையே தேடிப் பிடிக்கின்றன.

தூரத்தில் எல்லாம் கலங்கிய மாதிரி இருக்கிறது: நண்பகலில் தண்ணீருக்கு மேலே காற்று சூடாகி அலையடிக்கும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் இதைச் சரி செய்ய முடியாது. விடிந்ததும் போய் எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

எந்தக் குவியல் பெரிதாக இருக்கிறதோ, அதற்குத்தான் உங்கள் பணம் போக வேண்டும்.

டெலி லென்ஸ்களை ஒப்பிடுவது எப்படி?

ஃபோக்கல் லெங்த்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது எஃப் எண். 2.8, 4, 5.6, 8, 11 என்று இது போகும். ஒவ்வொரு படி கூடும்போதும் உள்ளே வரும் ஒளி பாதியாகும். லென்ஸில் 4-5.6 என்று இரண்டு எண்கள் எழுதியிருந்தால், முழுதாக ஜூம் செய்யும்போது கிடைப்பது இரண்டாவது எண்தான். பறவைக்கு நாம் பயன்படுத்தப் போவதும் அதுதான்.

இதோடு எடையையும் சேர்த்துப் பாருங்கள். கேனானின் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம்தான். ஆனால் 400-இல் அதன் எஃப் எண் 8. மாலை மங்கியதும் ஐஎஸ்ஓவை உயர்த்த வேண்டியிருக்கும். 2015-இல் வந்த நிக்கான் 200-500 லென்ஸில் எஃப் எண் கடைசி வரை 5.6. எடை 2.3 கிலோ. சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600 லென்ஸ்களில் பலவும் சுமார் 2 கிலோ வரும். கடையில் இரண்டு நிமிடம் பிடிக்கும்போது கனம் தெரியாது. ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் தூக்கினால் தெரியும்.

புதியவர்களுக்கு 55-250, 70-300 வகை லென்ஸ்கள் நல்ல தொடக்கம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி நடக்கும்போது, கூட்டத்துக்குப் பின்னால் நின்று சுவாமியை எடுக்கவும் இவை போதும்.

லென்ஸ் மாற்றும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு, நிக்கான் பி900 (2015), பி1000 (2018) போன்ற பெரிய ஜூம் உள்ள கேமராக்கள் வந்தன. பி1000-இல் 125 மடங்கு ஆப்டிகல் ஜூம். ஆனால் சென்ஸார் மிகச் சிறியது என்பதால் நல்ல வெயிலில்தான் இவை சோபிக்கும். டிஜிட்டல் ஜூம் என்று விளம்பரத்தில் வரும் எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அது இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும்.

மவுண்ட் பொருந்துமா?

லென்ஸும் பாடியும் இணையும் வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். கேனானின் ஈஎஃப் மவுண்ட் 1987-இல் வந்தது. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது. இடையில் எத்தனையோ பாடிகள் வந்து போயின. பிலிம் காலத்து ஈஎஃப் லென்ஸை இன்றும் கேனான் டிஎஸ்எல்ஆரில் மாட்டி எடுக்கலாம். லென்ஸில் போடும் பணம் பாடியில் போடும் பணத்தை விட நீண்ட நாள் நிற்கும் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் 2018-இல் இரண்டு நிறுவனங்களும் மிர்ரர்லெஸ்ஸுக்காகப் புதிய மவுண்ட்டுக்கு மாறின. கேனானுக்கு ஆர்எஃப், நிக்கானுக்கு இசட். பழைய லென்ஸ்களைப் புதிய பாடியில் மாட்ட அந்தந்த நிறுவனமே அடாப்டர் விற்கிறது. புதிய லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன் இவற்றைச் சரி பாருங்கள்:

கேனான் ஈஎஃப்-எஸ் லென்ஸ்கள் கேனானின் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் பொருந்தாது.

நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களை இவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இதே நிலைதான்.

நிக்கானின் ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் சில பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. உங்கள் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்கு

புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் ஈரக் காற்றால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் வாங்காதீர்கள். உங்கள் சொந்த லென்ஸையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையிலேயே மாதக்கணக்கில் விட்டு வைக்க வேண்டாம்.

கடைக்கு உங்கள் பாடியையும் மெமரி கார்டையும் எடுத்துப் போங்கள். முழு ஜூமில் எதிர்க் கடைப் பெயர்ப் பலகையைப் பத்துப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் தாங்குமா?

பலர் மறந்துவிடும் செலவு இது. 24 மெகாபிக்ஸெல் பாடியில் ரா ஃபைல் ஒவ்வொன்றும் சுமார் 25 எம்பி ஆகலாம். ஒரு காலைப் பொழுதில் 500 படம் எடுத்தால் 12 ஜிபிக்கு மேல் போய்விடும். ஹார்ட்டிஸ்க்கில் இடம், பேக்கப்புக்கு ஒரு வெளி டிஸ்க், வேகமான மெமரி கார்டு ஆகியவற்றையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். லென்ஸை மட்டும் மாற்றினால் இந்தச் செலவு வராது.

ஆசிரியர் என்ன செய்தார்?

தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் 70-300 லென்ஸ் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கி வந்தோம். அவருடைய பழைய 12 மெகாபிக்ஸெல் பாடியில் மாட்டி ஏரிக்குப் போனார். மாலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உட்கார்ந்திருந்த, நீந்திய பறவைகள் எல்லாம் நன்றாக வந்திருந்தன. "நாமம் தெரியுது பாருங்க தம்பி" என்று ஒரு நாமக்கோழிப் படத்தை மூன்று முறை திறந்து காட்டினார். பறந்த பறவைகளில் முக்கால்வாசி ஃபோகஸ் தவறியிருந்தன. விடியற்காலை முதல் அரை மணி நேரப் படங்களில் மணல் தூவியிருந்தது.

அடுத்த வாரம் கடையில் அவர் வாங்கியது 70-300 லென்ஸ். பாடிக்கென்று வைத்திருந்த தொகையில் மீதி வங்கியில் இருக்கிறது. பறக்கும் பறவைகளுக்காக ஒரு நாள் புதிய பாடி வாங்குவார். அப்போது மெகாபிக்ஸெலைக் கேட்க மாட்டார். ஃபோகஸ் எப்படி, ஐஎஸ்ஓ 3200-இல் படம் எப்படி, இந்த லென்ஸ் பொருந்துமா என்றுதான் கேட்பார்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதற்குப் பதிலாக, பழைய ஃபோட்டோக்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து, ஃபோக்கல் லெங்த் பத்தியை ஒரு முறை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஏரிக்குப் போகும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். லென்ஸ் எட்டவில்லை என்பதற்காகக் கூடுகளை நெருங்கிப் போக வேண்டாம். சரணாலயத்தில் பறவைகளைத் தொந்தரவு செய்வது சட்டப்படியும் குற்றம்.